மணியத்துக்கு: ஒரு வேலுக்கு ஏழு நோட் போதும்

சுங்கை சிப்புட்

அன்புள்ள மணியம்,

உன் கடிதமும் அதோடு அனுப்பிய வேல் ஸ்டிக்கர் கோப்பும் கிடைத்தன. இங்கே எல்லாரும் சுகம். மழைதான் விடுவதாக இல்லை. செம்பனை லாரிகள் தோட்டத்துச் சேற்றைப் பட்டணம்வரை கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போகின்றன. தைப்பூசம் நெருங்குகிறது. ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குப் போகும் வேன்களுக்கு வேல், மயில், 'ஓம் முருகா' என்று ஸ்டிக்கர் கேட்டு ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். உன் ஊர் பாகாவிலும் அப்படித்தான் இருக்கும். ஸ்டிக்கர் வெட்டும் கட்டர் மெஷின் வாங்கச் சரியான நேரம் பார்த்திருக்கிறாய்.

கட்டர் விக்கி விக்கி வெட்டுகிறது, வேலின் ஓரமெல்லாம் ரம்பப்பல் மாதிரி இருக்கிறது என்று எழுதியிருந்தாயே, கோளாறு மெஷினில் இல்லை, படத்தில் இருக்கிறது. நீ படம் வரையும் இங்க்ஸ்கேப் நிரலில் அந்த வேல் வடிவத்தைக் கிளிக் செய்துவிட்டுக் கீழே ஸ்டேட்டஸ் வரியைப் பார். பாத் (பிளேடு போகும் கோடு) என்று போட்டு, அதில் எத்தனை நோட் (கோட்டைத் தாங்கும் புள்ளி) என்றும் எழுதியிருக்கும். உன் வேலில் ஆயிரத்துக்கு மேல் இருக்கிறது. அந்த வடிவத்துக்கு ஏழு போதும்.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தை படத்தைக் கோடுகளாக மாற்றும் 'டிரேஸ் பிட்மேப்'பில் கொடுத்திருக்கிறாய். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும்போது ஓரங்களில் சாம்பல் நிறப் புள்ளிகள் படியும். டிரேஸ் செய்யும் நிரலுக்கு எது வேல், எது அழுக்கு என்று தெரியாது. கறுப்பும் வெள்ளையும் சந்திக்கும் இடத்தையெல்லாம் பிடித்துக்கொண்டு போகும், ஒவ்வொரு நெளிவுக்கும் ஒரு நோட் வைக்கும். பிளேடு அத்தனை நோட்டிலும் திரும்பி ஆகவேண்டும். பிறகு நீ கண்ட்ரோல்+எல் அடித்துச் சிம்பிளிஃபை செய்திருக்கிறாய், அதுவும் அடுத்தடுத்து வேகமாக. அந்தக் கட்டளையை விடாமல் அழுத்தினால் ஒவ்வொரு தடவையும் பலம் கூடும். நோட் குறையும், ஆனால் வேலின் முனையும் மழுங்கிப்போகும். உன் கோப்பில் நடந்தது அதுதான்.

டிரேஸ் வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. நல்ல கறுப்பு மையில் வரைந்து, ஸ்கேன் செய்த கையெழுத்துக்கு அது பிரமாதம். வேல், மாங்காய், குத்துவிளக்கு போன்றவற்றுக்கு அந்தப் படத்தைத் தனி லேயரில் போட்டு, மங்கலாகத் தெரிய ஒப்பாசிட்டியை 40 சதவீதத்துக்குக் குறைத்து, லேயரைப் பூட்டிவிட்டு, மேலே நீயே வரை. அதுதான் வேகமும்.

வரைவதற்கு முன் இரண்டு அமைப்பைச் சரிசெய்துகொள். டாக்குமெண்ட் பிராப்பர்ட்டீஸில் அளவை மி.மீ. என்று வை. பிரிஃபரன்ஸஸில் டூல்ஸ் பகுதிக்குப் போய், பவுண்டிங் பாக்ஸ் (வடிவத்தைச் சுற்றி அளக்கும் கட்டம்) 'விஷுவல்' என்று இருப்பதை 'ஜியோமெட்ரிக்' என்று மாற்று. விஷுவலில் கோட்டின் தடிமனும் அளவில் சேரும்: 100 மி.மீ. சதுரத்துக்கு 1 மி.மீ. கோடு போட்டிருந்தால் 101 என்று காட்டும். பிளேடு கோட்டின் தடிமனைப் பார்ப்பதில்லை, நடுவில்தான் போகும். ஆகவே உனக்கு வேண்டியது 100.

இப்போது வேல். பாதிதான் வரையவேண்டும், மறுபாதி தானாக வரும். எக்ஸ் 100-இல் நெட்டாக ஒரு கைடு (உதவிக்கோடு) போடு. ஒய் அளவு மேலிருந்து கீழே கூடும் என்பதை மறக்காதே, 1.0 பதிப்பிலிருந்து அப்படித்தான். 'பி' (B) அழுத்திப் பென் டூலை எடு. முதல் நோட் முனை: எக்ஸ் 100, ஒய் 20. அங்கே அழுத்தியபடியே எக்ஸ் 104, ஒய் 45 வரை இழுத்துவிடு. இரண்டாவது, இலை அகலமாக இருக்கும் இடம்: எக்ஸ் 130, ஒய் 95. அங்கே அழுத்தி நேர் கீழே 19.3 மி.மீ. இழு, கண்ட்ரோலைப் பிடித்திருந்தால் கை சாயாது. மூன்றாவது அடி: எக்ஸ் 100, ஒய் 130. இங்கே அழுத்தி இடப்பக்கம் 16.6 மி.மீ. இழு. இடப்பக்கம் ஏன் என்றால், நீ இழுப்பது அடுத்த வளைவுக்கான ஹேண்டில், அதாவது வளைவைத் திருப்பும் பிடி. முந்தைய வளைவுக்கானது எதிர்ப்பக்கம் தானாக நீளும். என்டர் தட்டி முடி.

நோட் டூலுக்கு வா, 'என்' எழுத்து. நோட் இம்மி பிசகியிருந்தால் மேலே எக்ஸ், ஒய் பெட்டியில் எண்ணைத் தட்டிவிடலாம். ஹேண்டிலை இழுக்கும்போது நீளமும் கோணமும் ஸ்டேட்டஸ் வரியில் ஓடும். இரண்டாவது நோட்டைத் தேர்ந்து ஷிஃப்ட்+எஸ் அடித்து ஸ்மூத் ஆக்கு. பிறகு மேல் ஹேண்டிலை மட்டும் 30 மி.மீ. வரை நீட்டு. ஷிஃப்ட்+ஒய் அடித்துவிடாதே. அது சிமெட்ரிக், ஒன்றை நீட்டினால் மற்றதும் நீண்டு அடிப்பகுதி உப்பிவிடும்.

19.3, 16.6 எங்கிருந்து வந்தன என்று கேட்பாய். கால்வட்டத்தை, நாம் ஹேண்டிலால் வளைக்கும் இந்தப் பெசியர் வளைவால் வரைய ஹேண்டில் நீளம் ஆரத்தில் 0.5523 பங்கு இருக்கவேண்டும். வேலின் கீழ்ப்பாதி 30 மி.மீ. அகலமும் 35 மி.மீ. உயரமும் கொண்ட கால் நீள்வட்டம். இரண்டையும் அந்த எண்ணால் பெருக்கிப் பார். பிரான்சில் ரெனோ கம்பெனியில் கார் உடலை வடிவமைத்த பியர் பெசியர் பெயரில்தான் இந்த வளைவு வழங்குகிறது. அவருக்கு முன்பே 1959-இல் சிட்ரோயனில் டி காஸ்டெல்ஜோ இதே கணக்கைப் போட்டுவிட்டார். அந்தக் கம்பெனி வெளியே விடாமல் வைத்துக்கொண்டது, பெயர் மற்றவருக்குப் போய்விட்டது.

முனையில் 4 மி.மீ. வெளியே தள்ளி இழுக்கச் சொன்னதற்கும் காரணம் உண்டு. நேர் கீழே இழுத்தால் இரண்டு பாதியும் சேரும்போது முனை ஊசியாகிவிடும்; ஸ்டிக்கரை உரிக்கும்போது முதலில் பிய்வது அதுதான். 4 மி.மீ. தள்ளினால் முனைக் கோணம் சுமார் 18 டிகிரி வரும். அதற்கு மஞ்சள் பார்டர் போட ஸ்ட்ரோக் (ஓரக்கோடு) கொடுத்தாயானால் இன்னொரு வேடிக்கை: முனை வெட்டிவிட்டாற்போல் தட்டையாகத் தெரியும். இங்க்ஸ்கேப்பில் மைட்டர் லிமிட் (முனை எவ்வளவு நீளலாம் என்ற வரம்பு) 4 என்று இருக்கும். 29 டிகிரிக்குக் குறைந்த கோணத்தை அது கூராக விடாது. ஃபில் அண்ட் ஸ்ட்ரோக் பெட்டியில் அதை 7 ஆக்கு, முனை திரும்ப வந்துவிடும்.

மறுபாதிக்குக் கண்ட்ரோல்+டி (D). நகல் அதே இடத்தில் மேலே உட்காரும், ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்து மறுபடி அடிக்காதே. 'எச்' தட்டினால் இடவலம் திரும்பும். மேலே எக்ஸ் பெட்டியில் 100 என்று இருப்பதை 70 ஆக்கு. இரண்டையும் தேர்ந்து கண்ட்ரோல்+கே, அதாவது கம்பைன். நோட் டூலில் முனையைச் சுற்றிக் கட்டம் இழுத்தால் அங்கே இருக்கும் இரண்டு நோட்டும் பிடிபடும், ஷிஃப்ட்+ஜே, ஒன்றாகிவிடும். அடியிலும் அதேபோல், பிறகு ஷிஃப்ட்+எஸ். கண்ட்ரோல்+கே அடித்ததோடு வேலை முடிந்தது என்று பலர் விட்டுவிடுவார்கள். திரையில் முழு வேலாகத்தான் தெரியும். உண்மையில் அவை இரண்டு திறந்த கோடுகள். பிளேடு தனித்தனியாக வெட்டும், சேருமிடத்தில் ஒட்டிக்கொண்டு பிய்யும்.

தண்டுக்கு 8 மி.மீ. அகலத்தில் ஒரு செவ்வகம், எக்ஸ் 96, ஒய் 125, உயரம் 90. இலையின் அடி ஒய் 130-இல் இருக்க, தண்டை 125-இலேயே தொடங்கச் சொல்கிறேன். 130-இல் வைத்தால் நடுப்புள்ளி மட்டும்தான் தொடும். இலை வளைந்து மேலே போவதால் தண்டின் இரண்டு மூலையிலும் 0.3 மி.மீ. இடைவெளி விழும். திரையில் கண்ணுக்குத் தெரியாது, பிளேடுக்குத் தெரியும். இரண்டையும் தேர்ந்து கண்ட்ரோல்+பிளஸ், அதாவது யூனியன். அடி நோட் தண்டுக்குள் மறைந்து போகும். முனை, இரண்டு தோள், தண்டு சேரும் இரண்டு இடம், தண்டின் அடி மூலை இரண்டு, மொத்தம் ஏழு.

விபூதிப் பட்டைக்கு 30 மி.மீ. நீளம், 3 மி.மீ. தடிமனில் மூன்று செவ்வகம், ஒய் 88, 95, 102. மூன்றையும் முதலில் கண்ட்ரோல்+கே அடித்து ஒன்றாக்கு. பிறகு வேல் வடிவத்தையும் சேர்த்துத் தேர்ந்து கண்ட்ரோல்+மைனஸ், அதாவது டிஃபரன்ஸ். டிஃபரன்ஸில் மேலே இருப்பது கீழே இருப்பதை வெட்டும்; பட்டை கீழே போயிருந்தால் விளைவு தலைகீழாகும். 'ஹோம்' விசையால் பட்டையை மேலே ஏற்றிவிட்டு வெட்டு. பொட்டு வெட்டவேண்டாம், சிவப்பு ஸ்டிக்கரில் 10 மி.மீ. வட்டமாகத் தனியாக வெட்டி மேலே ஒட்டு. பட்டையின் நடுவில் தீவாகப் பொட்டை விட்டால் ஒட்டும்போது நகர்ந்துவிடும்.

மற்ற வடிவங்களுக்கும் நோட் வைக்கும் இடம் இதே வழிதான். வளைவின் உச்சி, அடி, இடக்கோடி, வலக்கோடி, இந்த நாலு இடத்திலும் நோட் வை. உச்சியிலும் அடியிலும் ஹேண்டில் படுத்திருக்கவேண்டும், பக்கங்களில் நின்றிருக்கவேண்டும். கூர்முனை உள்ள இடத்தில் ஒன்று. வளைவு வயிறு மாறும், அதாவது குழிவு குவிவாகும் இடத்தில், தேவைப்பட்டால் மட்டும், இன்னொன்று. சரியாக வரவில்லை என்று நடுவில் நோட் சேர்க்கத்தான் கை போகும். அதற்கு முன் இருக்கும் ஹேண்டிலை நீட்டிக் குறுக்கிப் பார். பத்தில் எட்டு தடவை அதிலேயே சரியாகும். வேண்டாத நோட்டை டெலீட் அடித்தால் நிரல் வடிவத்தைக் காப்பாற்றப் பார்க்கும். கண்ட்ரோல்+டெலீட் அப்படியே எடுத்துவிடும்.

பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப்போவதாக எழுதியிருக்கிறாய். பூவிலிருந்து தொடங்காதே; பூ எப்படி வந்தாலும் பூவாகத்தான் தெரியும், தப்பு தெரியாது. தமிழ் எழுத்தைக் கொடு. முதலில் ட, ப: வெறும் நேர்க்கோடு, கண்ட்ரோலைப் பிடித்து கிளிக் கிளிக். அடுத்து ய. பிறகு வ, க. கடைசியில் ழ. 10 மி.மீ. ஸ்ட்ரோக்கில் வரைந்து, கண்ட்ரோல்+ஆல்ட்+சி அடித்து ஸ்ட்ரோக்கைப் பாத்தாக மாற்றச் சொல். எழுத்து கோணினால் ஆறு வயதுப் பிள்ளைக்கும் கண்ணில் படும்.

எழுத்துருவில் அடிக்கும் வரிகளுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் போல் தடிமன் சீராக இருப்பதை எடு. நீ மேக் வைத்திருந்தால் நம் முத்து நெடுமாறன் செய்த இணைமதியும் அதிலேயே இருக்கிறது. வரியின் ஒரு நகலை ஓரமாக வைத்துவிட்டு மற்றதைக் கண்ட்ரோல்+ஷிஃப்ட்+சி அடித்துப் பாத்தாக்கு. பாத்தான பிறகு எழுத்துப்பிழையைத் திருத்த முடியாது. பிறகு அன்குரூப், பிறகு யூனியன். 'கி'யில் மேல்விலங்கும் 'க'வும் பல எழுத்துருக்களில் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். யூனியன் செய்யாவிட்டால் நடுவில் பிளேடு கோடு போட்டுவிடும். மெய்யெழுத்தின் புள்ளிதான் பெரிய தொல்லை. எழுத்து 2 செ.மீ.க்குக் கீழே போனால் கழிவை உரிக்கும்போது புள்ளியும் கூடவே வந்துவிடும், 'முருகன்' போய் 'முருகன' ஆகிவிடும். புள்ளியை மட்டும் ஒன்றரை மடங்கு பெரிதாக்கு. அதைப் பிரிக்க பிரேக் அபார்ட் போட்டால் 'க'வின் உள்துளையும் கழன்று அடைபட்டுவிடும். புதிய பதிப்புகளில் ஸ்பிளிட் பாத் என்று இருக்கிறது, அது துளையைக் காப்பாற்றும். சட்டைக்கு வெட்டும் ஸ்டிக்கர் என்றால் கடைசியாக 'எச்' தட்டித் திருப்பிவிட்டு வெட்டு.

அளவு மாறி வருவதாகவும் எழுதியிருந்தாய். இங்க்ஸ்கேப்புக்கு 0.92 பதிப்பிலிருந்து ஓர் அங்குலத்துக்கு 96 பிக்சல். அதற்கு முன் 90. சில கட்டர் நிரல்கள் 72 என்று வைத்துக்கொள்ளும். 100 மி.மீ. வேல் 133 ஆக வந்தால் 72-இன் வேலை. பழைய கோப்பு 93.75 ஆக வந்தால் 90-இன் வேலை. பக்கத்து மூலையில் 100 மி.மீ. சதுரம் ஒன்றை வைத்து, கட்டர் நிரலில் அதை அளந்துவிட்டுப் பிறகு வெட்டு. அந்தச் சதுரத்தை வெட்டும்போதே மூலையையும் பார்: மழுங்கி வந்தாலோ, தொடங்கின இடமும் முடிந்த இடமும் சேராவிட்டாலோ பிளேடு ஆஃப்செட் (பிளேடு முனை நடுவிலிருந்து விலகியிருக்கும் தூரம்) சரியில்லை. 45 டிகிரி பிளேடுக்கு 0.25 மி.மீ. வைத்துத் தொடங்கு.

மயிலுக்கு நீ கேட்டதை இப்போது எழுதவில்லை. ஒரு தோகையை மட்டும் வரைந்து அனுப்பு, அடுக்குவதைப் பிறகு பார்ப்போம். எஸ்விஜி, அதாவது இங்க்ஸ்கேப் சேமிக்கும் கோப்பாகவே அனுப்பு, ஸ்கிரீன்ஷாட் வேண்டாம். நோட்டை எண்ண முடியாது. வீட்டில் அண்ணியைக் கேட்டதாகச் சொல். பெரியவளுக்குத் தேர்வு முடிந்ததா?

அன்புடன்,
சேகர்