கவரிமாவின் மூளைக்குப் போகும் சுற்றுவழி

அன்புள்ள மாலதி,

முழங்கால் தேவலையா? சின்னவன் ஹாஸ்டலில் ஒழுங்காகச் சாப்பிடுகிறானா? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

யாக், அதாவது கவரிமா, தலையின் ரத்தக்குழாய் வார்ப்பு ஒன்று கைக்கு வந்திருக்கிறதடி! கரோட்டிட் என்கிற கழுத்துத் தமனி வழியாகச் சிவப்புப் பிசின் ஏற்றி, இறுகியதும் சதையையும் எலும்பையும் கரைத்து எடுத்தது. மூளையடியில் பிட்யூட்டரி சுரப்பி இருந்த இடத்துக்கு இரண்டு பக்கமும், நூல்கண்டு சிக்கு விழுந்த மாதிரி ஒரு வலை. நாம் படித்த ரீட்டி, தமனிகள் பின்னிய அந்த வலையேதான். தொப்பி சார் பார்த்திருந்தால் மேசையைத் தட்டியே உடைத்திருப்பார். நீ அப்போதும் பின்பெஞ்சில் தூங்கியிருப்பாய்.

மனிதருக்கு கரோட்டிட்டின் உட்கிளையான இன்டர்னல் கரோட்டிட் நேரே மூளைக்கு ஏறுகிறது. மாட்டினத்தில் அது கன்றுப் பருவத்தோடு சரி, வளர வளர அடைபட்டுவிடும். பிறகு மேக்ஸிலரி என்கிற தாடைத் தமனியின் கிளைகள் மண்டைக்குள் நுழைந்து, வலையாகப் பிரிந்து, மறுபடி ஒன்றுகூடித்தான் மூளையடியில் உள்ள தமனி வளையமான வில்லிஸ் வளையத்துக்கு ரத்தம் போகிறது. ஆட்டுக்கு இந்த வழிதான். மாட்டுக்கோ பின்பக்கமும் ஒரு வலை உண்டு, கழுத்தெலும்புகளின் ஊடே ஏறும் வெர்ட்டிப்ரல் தமனியும் அதில் வந்து சேரும். கழுத்தை அறுத்தபின் ஆட்டைவிட மாட்டுக்கு நினைவு தப்ப நேரமாவதற்கு, கத்திக்குத் தப்பும் இந்த வழி ஒரு முக்கியக் காரணம். மாலதி, இறைச்சிக்கூடத்தில் நிற்கிற டாக்டருக்கு இது பரீட்சைப் பாடமில்லை. முதலில் மயக்கமூட்டுங்கள் என்று மன்றாட இந்த ஒரு குழாய் போதாதா?

யாக்கின் நுரையீரலைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். தாழ்நில மாட்டை மலையேற்றினால் நுரையீரல் தமனி சுருங்கி, வலது இதயம் தளர்ந்து, நெஞ்சுத் தொங்கல் வீங்கிச் செத்தும் போகலாம். யாக் அசராமல் மேய்கிறது. நல்லது. ஆனால் தலைக்குள் என்ன நடக்கிறது என்று கேட்கிறவர்கள் இத்தனை குறைவாக இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

யோசித்துப் பார். வலை கேவர்னஸ் சைனஸ் என்கிற சிரை ரத்தக் குழிக்குள் கிடக்கிறது. மூக்குச் சவ்வில் குளிர்ந்து திரும்பும் சிரை ரத்தம் அங்கே வந்து சேர்வதால், தமனி ரத்தம் மூளையைத் தொடுமுன்பே சூடு தணிகிறது. 5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் பாதிதான். அங்கே ஆக்சிஜனுக்கு இழுக்கிற மூச்சே மூக்கையும் குளிர்விக்கிறது. மேலே கம்பளி மாதிரி ரோமம், வேர்வையோ மிகக் குறைவு. வெயில் ஏறினால் அதற்கு மூச்சைத் தவிர வேறு கதி ஏது? திபெத்தியப் பீடபூமி உலகச் சராசரியைவிட வேகமாகச் சூடாகிக்கொண்டிருக்கிறது. ஒரே மூச்சு, இரண்டு வேலை. அது எதுவரை தாங்கும் என்ற கேள்வி என்னை விடமாட்டேன் என்கிறது.

உன் அலமாரியில் தூசி தின்னும் செம்மறி வார்ப்பைப் பின்பக்கத்திலிருந்து படமெடுத்து அனுப்பு. வலைக்குள் நுழையும் கிளைகளின் விட்டத்தையும் அளந்து எழுது. யாக்கோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கணும். சாக்குச் சொல்லாதே, சோம்பேறி.

உன்,
கமலா