திட்டத்தைக் கடைசியிலிருந்து எழுது

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய பயணத் திட்டத்தை நானும் அப்பாவும் உட்கார்ந்து முழுசாகப் படித்தோம். நாட்டின் ஒரு ஓரத்தில் கிளம்பி மறு ஓரம் வரைக்கும் காரிலேயே போவது என்று நீயும் உன் தோழியும் முடிவு செய்ததில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். அப்பா கொஞ்சம் தயங்கினார். அவரிடம் உனக்காகப் பேசியதும் நான்தான். ஆனால் திட்டத்தில் ஒரு விஷயம் உறுத்துகிறது. ஃபோனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று கேட்டுவிட்டு விட்டுவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

ஒவ்வொரு நாளுக்கும் காலையில் கிளம்பும் நேரம் போட்டிருக்கிறாய், எத்தனை கிலோமீட்டர் என்றும் போட்டிருக்கிறாய். எத்தனை மணிக்குள் வண்டியை நிறுத்துவது என்று மட்டும் எங்கேயும் இல்லை. மூன்றாம் நாளில் காலை ஐந்து மணிக்குக் கிளம்பி, இரவுக்குள் எப்படியாவது போய்விடலாம் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை முதலில் அடித்துவிடு.

திட்டத்தைக் கடைசியிலிருந்து எழுது. அன்று தங்கப்போகும் ஊரில் சூரியன் எத்தனை மணிக்கு மறைகிறது என்று பார். அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் நீங்கள் வண்டியை விட்டு இறங்கியிருக்க வேண்டும். அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடு. மேப் காட்டுவது நிற்காமல் ஓட்டினால் ஆகும் நேரம். பெட்ரோல் போடுவது, சாப்பிடுவது, கழிப்பறைக்குப் போவது எதுவும் அதில் வராது. மேப் எட்டு மணி நேரம் என்று சொன்னால் நீ பத்து என்று எழுது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கால் மணி நேரமாவது இறங்கி நடக்க வேண்டும், அதுவும் இந்தப் பத்துக்குள் அடக்கம். இப்படிப் பார்த்தால் உன் மூன்றாம் நாள் ஒரு நாளில் முடியாது. அதை இரண்டாக உடைத்துவிடு.

இன்னொன்று, நீங்கள் மேற்கு நோக்கிப் போகிறீர்கள். சாயங்காலம் ஆக ஆக வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். உடம்பு சோர்ந்திருக்கும் அதே நேரத்தில்தான் முன்னால் போகும் வண்டியும் சரியாகத் தெரியாமல் போகும். மாலைக்கு முன்பே இறங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். முன் கண்ணாடியை வெளியில் மட்டும் துடைத்தால் போதாது, உள்பக்கமும் துடை. எதிர்வெயிலில் உள்ளே படிந்த அழுக்குதான் வெள்ளையாகப் பரவி மறைக்கும்.

தூக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படி. ஐந்து மணிக்குக் கிளம்ப நான்கு மணிக்கு எழுந்தாய் என்று வை. இரவு ஒன்பது மணிக்கு நீ விழித்து 17 மணி நேரம் ஆகியிருக்கும். அவ்வளவு நேரம் விழித்திருப்பவரின் நிதானம், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் நிதானம் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று 1997-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பல நாடுகளில் அந்த அளவோடு வண்டி ஓட்டினால் குற்றம். நீ குடித்துவிட்டு ஸ்டியரிங்கைத் தொடவே மாட்டாய் என்று எனக்குத் தெரியும். தூக்கக் கலக்கத்தையும் அதே கண்டிப்போடு பார்.

100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது நான்கு நொடி கண் செருகினால் வண்டி 110 மீட்டருக்கு மேல் தன் போக்கில் போயிருக்கும். நள்ளிரவு தாண்டி விடியும் வரையிலும், மதியம் இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரையிலும் உடம்பே தூக்கத்தைக் கேட்கும். மதியம் தூக்கம் வருவதற்குச் சாப்பாடு மட்டும் காரணம் இல்லை, உடம்பின் கடிகாரம் அப்படி. கண்ணாடியை இறக்குவது, பாட்டை அலறவிடுவது, முகத்தில் தண்ணீர் அடிப்பது எல்லாம் சில நிமிஷத்துக்குத்தான். காபி வேலை செய்ய அரை மணி நேரம் வரை ஆகும். அதனால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, காபியைக் குடித்துவிட்டு உடனே இருபது நிமிஷம் தூங்கு. எழும்போது இரண்டும் சேர்ந்து கைகொடுக்கும். அதுவும் அடுத்த ஊர் வரைக்கும்தான், இரவு முழுக்க இல்லை. கடந்த பத்து கிலோமீட்டரில் என்ன பார்த்தோம் என்று நினைவுக்கு வராவிட்டால், சாலையில் போட்டிருக்கும் கோட்டைத் தாண்டி வண்டி விலகினால், அந்த நிமிஷமே தோழியிடம் கொடுத்துவிடு. அவளும் சோர்ந்திருந்தால் அன்றைய பயணம் அங்கேயே முடிந்தது.

ஆலிஸ் ராம்சே என்ற பெண்ணைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேனா? 1909-இல், 22 வயதில், நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை கார் ஓட்டிப் போனவர். கூட மூன்று பெண்கள் இருந்தார்கள். ஒருவருக்கும் ஓட்டத் தெரியாது. சரியான சாலையே இல்லாத காலத்தில் 59 நாள் அவர் ஒருத்தியே ஓட்டினார், டயரையும் அவரே மாற்றினார். எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை. உன் பக்கத்தில் நன்றாக ஓட்டத் தெரிந்த ஒருத்தி இருக்கிறாள், அந்த வசதியை வீணாக்காதே. அவள் ஓட்டும்போது நீ பாட்டு மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்காமல் கண்ணை மூடி ஓய்வெடு.

எல்லா இரவுக்கும் இப்போதே அறை பதிவு செய்யலாமா என்று கேட்டிருந்தாய். முதல் இரண்டு இரவுக்கும், ஊர்களே குறைவாக இருக்கும் அந்த நடுப்பகுதிக்கும் செய்துகொள். மற்றதற்கு, பணம் போகாமல் ரத்து செய்யக்கூடிய இடமாகப் பார். பணம் கட்டிய அறை காத்திருக்கிறது என்றால் எவ்வளவு சோர்வாக இருந்தாலும் இன்னும் நூறு கிலோமீட்டர்தானே என்று தோன்றும். பெரும்பாலானவர்கள் இருட்டில் ஓட்டுவது இதனால்தான் என்பது என் கருத்து. ஒவ்வொரு நாளும் சேர வேண்டிய ஊருக்கு முன்னால், தங்க வசதி இருக்கும் இன்னொரு ஊரையும் குறித்து வை. பயணத்தின் நடுவில் ஒரு நாளை எதுவும் எழுதாமல் காலியாக விடு. மழையோ பழுதோ வந்தால் அந்த நாள் அதற்கு. எதுவும் வராவிட்டால் பிடித்த ஊரில் இன்னொரு நாள் இருங்கள். முதல் நாளையும் சின்னதாக வை, கிளம்பும் அன்று தாமதமாகாத வீடே கிடையாது.

வண்டியை மெக்கானிக்கிடம் இரண்டு வாரத்துக்கு முன்னாலேயே காட்டிவிடு. முந்தின நாள் காட்டி, ஏதாவது மாற்ற வேண்டும் என்று சொன்னால் அந்த உதிரி பாகத்துக்காகக் காத்திருக்க நேரும். டயரை மட்டும் நீயே பார். பக்கவாட்டில் இருக்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு இலக்கம்தான் அது செய்த தேதி. 3519 என்றால் 2019-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம். டயரில் வெட்டியிருக்கும் பள்ளம் தேயாமல் நன்றாக இருந்தாலும் ரப்பர் வயதாகி வெடிப்பு விடும். காற்றை, காலையில் வண்டி ஓடுவதற்கு முன்னால், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் எவ்வளவு என்று இருக்கும். சாமான் நிறைய ஏற்றினால் வேறு அளவு, அதுவும் அங்கேயே அல்லது வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். டயர் மேலேயே எழுதியிருப்பது அது தாங்கும் உச்ச அளவு, அதை வைத்து அடிக்காதே. ஸ்டெப்னிக்கும் காற்றைப் பார்.

பாரமான பெட்டிகள் அடியில், பின் இருக்கையை ஒட்டி இருக்கட்டும். ஸ்டெப்னி, ஜாக்கி, எச்சரிக்கை முக்கோணம் எல்லாம் பெட்டிகளுக்கு அடியில் மாட்டிக்கொள்ளாமல் பார். வீட்டிலேயே ஒரு தடவை இருவரும் சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பழகுங்கள். மலை இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வராதே, சூடேறினால் பிடிக்காது. தாழ்ந்த கியரில் போட்டு இறங்கு. சிக்னல் இல்லாத பகுதிகளுக்கு மேப்பைத் தரவிறக்கி வைத்துக்கொள். அங்கெல்லாம் டேங்க் பாதியானதுமே பெட்ரோல் நிரப்பிவிடு.

தினமும் வண்டியை நிறுத்தியதும் எந்த ஊர் என்று ஒரு வரி அனுப்பினால் போதும். நடுவில் நான் கூப்பிட மாட்டேன், அப்பாவையும் கூப்பிட விடமாட்டேன். மூன்றாம் நாளைத் திருத்தி இந்த வாரத்துக்குள் அனுப்பு. டயர் எந்த வருஷத்தது என்றும் எழுது, அப்பா கேட்கச் சொன்னார்.

அன்புடன்,
அம்மா