பொறுங்கோ மாமி

கிளிநொச்சி
17.12.2025

அன்புள்ள ரூபன்,

பதில் போடாததற்குப் புயலைச் சாட்டித் தப்பலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் டித்வா வந்தது நவம்பர் 28, உன்னுடைய முதல் மெசேஜ் வந்தது செப்டம்பரில். ஆகவே பேசுவதென்றால் பேசித் தீர்த்துக்கொள். வீட்டில் எல்லாரும் சுகம். கூரையில் நாலு ஓடு போனது, கிணறு நிரம்பிக் கலங்கலாகக் கிடக்கிறது, கட்டை ராசன் வழக்கம்போல எல்லாருக்கும் கடன்காரன்.

வயல்தான் போச்சு. இரண்டு ஏக்கரும் ஆறு நாள் தண்ணீருக்குள் நின்றது. இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறந்தபிறகு வரம்பு எது வாய்க்கால் எது என்று தெரியவில்லை. தண்ணீர் வடிந்தபோது பயிர் அவித்த கீரை மாதிரிச் சேற்றில் ஒட்டிக்கிடந்தது, ஒரு கொத்தைக் கையில் எடுத்தால் வேரோடு வழுக்கிக்கொண்டு வந்தது. இப்போது மூன்று மாத நெல் இனம் தேடித் திரிகிறேன். மார்கழி நடுப்பகுதியில் விதைக்கிறவனைப் பார்த்து அப்பா உயிரோடு இருந்திருந்தால் சிரித்திருப்பார். விதைத்தாலும் சும்மா குந்தியிருக்க முடியுமா? உடைந்த வரம்பைக் கட்டவேண்டும், தண்ணீரை வெட்டிவிட வேண்டும், மயில் இறங்காமல் விடிய எழும்பிப் போய்க் கத்தவேண்டும்.

இந்த நேரத்தில்தான் திருவருகைக் காலம், நத்தாருக்கு முந்தின நாலு ஞாயிறும். முதலாம் ஞாயிறு கரண்டும் இல்லை, ஆட்களும் இல்லை. பாதரும் நாங்கள் பதினைந்து பேரும் ஒரு ஊதா மெழுகுதிரியும். எனக்கு உடனே 1996 அக்கராயன் கொட்டில் கோயில்தான் ஞாபகம் வந்தது. மெழுகுதிரிக்குப் பதிலாக நாலு ஜாம்போத்தல் விளக்கு வைத்து, ஊதா ரிசுப் பேப்பர் சுற்றி, மூன்றாம் ஞாயிறு விளக்குக்கு மட்டும் ரோஸ் பேப்பர் சுற்றினோமே. அது பற்றி எரிய, ஒருவர் தீர்த்தத் தொட்டியைத் தூக்கி ஊற்றினாரே! அந்தத் தீயணைப்புப் படைத் தலைவர் இப்போது ரொறன்ரோவில் பனி வழிக்கிறாராம் என்று இங்கே பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

சரி, நான் எழுத வந்தது வேறு விசயம். வாய்ஸ் மெசேஜில் சொல்ல வரவில்லை.

போன ஞாயிறு, 14ஆம் திகதி, மூன்றாம் ஞாயிறு. இரண்டாம் வாசகம் யாக்கோபு ஐந்தாம் அதிகாரம், கமக்காரன் முன்மாரிக்கும் பின்மாரிக்கும் பொறுமையோடு காத்திருப்பதைப் பாருங்கள் என்கிற பகுதி. (அந்த நாட்டில் ஐப்பசியில் ஒரு மழையாம், பங்குனியில் ஒரு மழையாம். ஒரே இரவில் எல்லா மாரியும் வந்தால் என்ன செய்வதென்று யாக்கோபு எழுதவில்லை.) பாதர் இளம் ஆள், நல்லவர், வெள்ளத்தில் முழங்கால் சேற்றில் எங்களோடு மூட்டை தூக்கினவர். வயல் அழிந்த சனத்துக்கு ஆறுதலாகத்தான் பொறுமையைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். பூசை முடிந்து வாசலில் எல்லாரும் நிற்க, திரேசா மாமி அவரிடம் போய்க் கேட்டார்:

"சுவாமி, கமக்காரன் நாலு மாசம் பொறுப்பான். பதினாறு வருசத்துக்கு என்ன பயிர் எண்டு சொல்லுங்கோ."

சத்தமாகக் கேட்கவில்லை. கதைத்துக்கொண்டு நின்ற எல்லாரும் அப்படியே நிறுத்திவிட்டார்கள். பாதருக்கு முகம் சிவந்துபோனது. மாமி செபமாலையைக் கைக்குள் பொத்திக்கொண்டு நடந்து போய்விட்டார்.

உனக்கு நான் இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது. போர் முடிந்த 2009 மே 18, வட்டுவாகலில் மாமியின் மகன் அன்ரன் ஆமி ஏற்றின பஸ்ஸில் ஏறினபோது மாமி பஸ்ஸின் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. விரலை ஒவ்வொன்றாகக் கழற்றினது நான். "பொறுங்கோ மாமி, விசாரிச்சுப்போட்டு விட்டிடுவாங்கள்" என்று சொன்னதும் நான்தான். அதற்குப் பிறகு அந்தச் சொல்லை எத்தனை பேர் அவருக்குச் சொல்லிவிட்டார்கள். ஆணைக்குழுவில் சொன்னார்கள், அலுவலகத்தில் படிவத்தை நிரப்பச் சொல்லிவிட்டுச் சொன்னார்கள். 2017 பெப்ரவரி 20 அன்று கந்தசுவாமி கோயில் முன்னால் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் போராட்டம் தொடங்கிக் குந்தினபோது மாமியும் போய்க் குந்தினார், முருகன் வாசலில் செபமாலை உருட்டிக்கொண்டு. தொடங்கி 3200 நாளுக்கு மேல் ஆகிவிட்டது. கூட இருந்தவர்களில் எத்தனையோ பேர் மகனைக் காணாமலே கண்ணை மூடிவிட்டார்கள். ஞாயிறு அவர் பாதரிடம் கேட்டது எனக்குத்தான் என்று பட்டது. இரவு சோறு இறங்கவில்லை.

வேதாகமத்தை எடுத்துப் பார்த்தேன். அன்றைய வாசகம் பத்தாம் வசனத்தோடு நிற்கிறது, பதினோராம் வசனத்தில்தான் யோபுவின் பொறுமை வருகிறது. எந்த யோபு? பிறந்த நாளைச் சபித்தவன், அதிகாரம் அதிகாரமாகக் கடவுளோடு வழக்காடினவன். யாக்கோபு அவனைத்தான் பொறுமைக்கு உதாரணம் காட்டுகிறார்! வாயை மூடிக்கொண்டிருந்த ஒருத்தனைக் காட்டவில்லை. மறைக்கல்வி வகுப்பில் எங்களுக்கு யாராவது இதைச் சொன்னார்களா? கையைக் கட்டி வாயைப் பொத்து என்றல்லவா சொன்னார்கள். நீயும் நானும் எத்தனை அடி வாங்கினோம்.

திங்கட்கிழமை பின்னேரம் பாதர் மாமி வீட்டுக்கு வந்தார். விறகு கொடுக்கப் போன நானும் அங்கே மாட்டுப்பட்டேன். மன்னிப்பு, விளக்கம் ஒன்றும் இல்லை. பிளேன்ரீயைக் குடித்தபடி மாமி சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மாமி திரும்ப ஞாயிறு நற்செய்திக்கே வந்தார். மறியலில் (சிறையில்) இருந்த திருமுழுக்கு யோவான், வரவேண்டியவர் நீர்தானா, இல்லை வேறு ஆளைப் பார்த்திருக்கவோ என்று யேசுவிடம் ஆள் அனுப்பிக் கேட்கிற பகுதி.

"குருடர் பாக்கினம், முடவர் நடக்கினம், செத்தவை எழும்பினம் எண்டு எல்லாம் சொல்லி அனுப்புறார். மறியலில இருக்கிறவை வெளியில வருகினம் எண்டு மட்டும் சொல்லேல்லை, சுவாமி. கவனிச்சனீங்களோ?"

பாதர் கொஞ்ச நேரம் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இல்லை அம்மா, இப்பதான் கவனிக்கிறன்" என்றார்.

இவ்வளவு கோபத்தோடும் மாமி ஒரு ஞாயிறு பூசையை விட்டது கிடையாது. நேற்றும் விடிய வந்து கோயில் கூட்டினார், பாலன் குடிலுக்கு வைக்கோல் எங்கே என்று என்னை ஏசினார். இதற்கு விசுவாசம் என்று பெயரா, பொறுமை என்று பெயரா, எனக்குத் தெரியாது. பஸ் கம்பியைப் பற்றி அவரிடம் ஒருநாள் கதைக்கவேண்டும். பாதர் போனபிறகு வாய்வரை வந்தது. அதற்குள் மாமி விளக்கைக் கொளுத்த எழும்பிவிட்டார்.

நீ நத்தாருக்கு எனக்கு எடுக்காவிட்டாலும் பரவாயில்லை, மாமிக்கு எடு. அன்ரனைப் பற்றிக் கதை, பகிடியான கதையாகச் சொல்லு. அவன் மாதா கூட்டுக்குள் மாங்காய் ஒளித்த கதை மாமிக்கு இன்னும் முழுதாகத் தெரியாது. தயவுசெய்து அந்தச் சொல்லை மட்டும் சொல்லிவிடாதே.

குடிலுக்குப் பச்சை வேண்டுமென்று மகள் பால்மா ரின் மூடியில் நெல் முளைக்கப் போட்டாள். இன்று காலை கோழி கிண்டித் தின்றுவிட்டது. அழுதுமுடித்துத் திரும்பப் போட்டிருக்கிறாள், இன்னும் எட்டு நாள்தான் இருக்கிறது. அந்தக் கோழியைப் பிடித்துக் கட்டிவிட்டுப் படுக்கவேண்டும்.

அன்புடன்,
சீலன்