‘ரத்தம் கம்மி’ என்று சொன்னால் போதுமா?

ஆசிரியருக்கு,

ரத்தசோகை முகாம்களில் விரலில் குத்தி ஹீமோகுளோபின் பார்க்கிறார்கள். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் பெண்களுக்கு 12 கிராமுக்கும், கர்ப்பிணிகளுக்கு 11 கிராமுக்கும் கீழே போனால் இரும்புச்சத்து மாத்திரை கையில் வந்துவிடும். தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது; முகாம்கள் தேவைதான். ஆனால் அந்த ஒற்றை எண், குறைவு என்பதோடு நின்றுவிடுகிறது. ஏன் குறைந்தது என்பதை அது சொல்வதில்லை.

முதலில் அந்த எண்ணே சரியாக வர வேண்டும். ரத்தம் வரவில்லையென்று விரலைப் பிசைந்தால் திசுநீர் கலந்து அளவு குறைத்துக் காட்டும். கை சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்கி, ஸ்பிரிட் காய்ந்தபின் விரல் நுனியின் பக்கவாட்டில் குத்தி, முதல் இரண்டு சொட்டைத் துடைத்துவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். கூட்டம் அதிகமானால் முதலில் கைவிடப்படுவது இந்தத் துடைப்புதான்.

அடுத்து சி.பி.சி. எனும் முழு ரத்த அணுப் பரிசோதனை. ரிப்போர்ட்டில் எம்.சி.வி.யும் (சிவப்பணுவின் சராசரி அளவு) ஆர்.பி.சி.யும் (சிவப்பணுக்களின் எண்ணிக்கை) அச்சாகித்தான் வருகின்றன, படிப்பவர்தான் குறைவு. இரண்டு பெண்களுக்கும் ஹீமோகுளோபின் 10.8 என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு எம்.சி.வி. 75, ஆர்.பி.சி. 4.6, முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 16. மற்றவருக்கு 64, 5.4, வகுத்தால் 12-க்கும் கீழே. 13-க்கு மேல் வந்தால் இரும்புச்சத்துக் குறைவையும், கீழே வந்தால் தலசீமியா எனும் பரம்பரை ரத்தக் குறைபாட்டின் கடத்தியாக (அதன் மரபணுவைச் சுமப்பவராக) இருப்பதையும் முதலில் சந்தேகிக்க வேண்டும். இது குறிப்பு மட்டுமே. ஃபெரிட்டினும் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் புரதம்), ஹீமோகுளோபின் ஏ2 (ஹீமோகுளோபினின் ஒரு வகை) அளவும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். ஏ2 3.5 சதவீதத்தைத் தாண்டினால் பீட்டா தலசீமியா கடத்தி. இரும்புச்சத்து குறைந்திருந்தால் ஏ2-வும் இறங்கி ஏமாற்றும் என்பதால், அதைச் சரிசெய்துவிட்டு மறுபடி பார்ப்பது வழக்கம். கர்ப்பிணி என்றால் காத்திருக்க நேரமில்லை. கணவருக்கும் உடனே பரிசோதிக்க வேண்டும். இருவருமே கடத்திகள் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்குக் கடும் தலசீமியா வர நாலில் ஒரு வாய்ப்பு.

ஃபெரிட்டின் 30-க்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு என்பது பெரும்பாலும் உறுதி. காய்ச்சலோ அழற்சியோ இருக்கும்போது அது பொய்யாக உயரும், கூடவே அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. பார்ப்பது நல்லது.

மாத்திரை தொடங்கி ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் 1 கிராமாவது ஏறவில்லையா? டீயோடு விழுங்குகிறாரா, கால்சியம் மாத்திரையோடு சேர்த்துப் போடுகிறாரா என்று முதலில் கேட்கலாம். பிறகு வைட்டமின் பி12 அளவைப் பார்க்க வேண்டும். இரும்பு குறைந்தால் சிவப்பணு சிறுக்கும், பி12 குறைந்தால் அளவில் பெரிதாகும்; இரண்டும் சேர்ந்தால் எம்.சி.வி. சராசரியாகி ‘நார்மல்’ என்று வரும். அப்போது காட்டிக்கொடுப்பது உயர்ந்த ஆர்.டி.டபிள்யூ.வும் (சிவப்பணுக்களின் அளவு எவ்வளவு வேறுபடுகிறது என்பது), ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி நுண்ணோக்கியில் பார்க்கும் ரத்தத் தடவலும்தான்.

ஆண்களுக்கும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்புச்சத்து குறைந்தால், குடலில் எங்கோ ரத்தம் கசிகிறதா என்று தேடியாக வேண்டும். மாத்திரையில் அளவு ஏறிவிட்டது என்று எண்டோஸ்கோபியைத் தள்ளிப்போட்டால், வயிற்றுப்புண்ணோ குடல் புற்றுநோயோ உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கலாம்.

– மருத்துவ ஆய்வகப் பணியாளர்கள் சிலர், சேலம்