பேத்தை மீன்: மருந்துக்கு முன் தண்ணீரைச் சோதிக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வளர்ப்பு மீன்களுக்கு வரும் நோய்கள் குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். வெண்புள்ளி நோய்க்கும் துடுப்பு அழுகலுக்கும் உரிய மருந்துகள் அதில் விரிவாகச் சொல்லப்பட்டிருந்தன. பொதுவான தொட்டி மீன்களுக்கு அது பயன்படும் என்பதில் ஐயமில்லை. ஆனால், பஃபர் என்ற பெயரில் விற்கப்படும் பேத்தை மீன்களுக்கு அதே அறிவுரையை அப்படியே பின்பற்றினால், நோயை விட மருந்தே அவற்றைக் கொன்றுவிடக்கூடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

பேத்தை மீனுக்கு மற்ற மீன்களைப் போலச் செதில் போர்வை இல்லை. செம்பு கலந்த மருந்துகளும் மாலகைட் பச்சை என்ற சாய மருந்தும் அதை மிக எளிதில் பாதிக்கின்றன. எனவே நோய் இன்னதென்று உறுதியாகத் தெரியாமல் தொட்டியில் எதையும் ஊற்றக் கூடாது. அந்த உறுதிக்கு முதல் படி, தண்ணீரைச் சோதிப்பதுதான்.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். பச்சைப் புள்ளிப் பேத்தை ஒன்றை நன்னீர் மீன் என்று சொல்லி விற்றார்கள்; நானும் அப்படியே நம்பி நன்னீரில் வளர்த்தேன். சில மாதங்களில் அதன் வெண்மையான வயிறு சாம்பல் நிறமாகக் கறுத்தது. துடுப்புகளை ஒடுக்கிக்கொண்டு தொட்டியின் மூலையில் கிடந்தது. பாக்டீரியா நோய் என்று நானே முடிவு செய்து நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கலந்தேன். அந்த மருந்து, வடிகட்டியில் கழிவைச் சிதைத்துக்கொண்டிருந்த நல்ல பாக்டீரியாக்களையும் சேர்த்து அழித்திருக்க வேண்டும். ஐந்தாம் நாள் மீன் இறந்தது. அதன் பிறகுதான் தண்ணீரைச் சோதித்தேன். மஞ்சளாகவே இருக்க வேண்டிய அம்மோனியா சோதனைத் திரவம் கரும்பச்சையாக மாறியது. அது கழிமுகங்களில் வாழும் மீன் என்பதையும், வளர வளர அதற்கு உப்புக் கலந்த உவர்நீர் தேவை என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். இன்றும் அதை நினைத்தால் மனம் வருந்துகிறது.

பேத்தை மீன் ஊனுண்ணி. நத்தையையும் இறாலையும் கடித்துச் சிதறவிட்டுத் தின்னும். மிச்சம் அழுகி அம்மோனியா ஆகிறது; அதை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதிய தொட்டியில் இந்த ஏற்பாடு நிலைபெறப் பெரும்பாலும் 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அதற்குள் மீனை விடுவது தவறு. அம்மோனியாவும் நைட்ரைட்டும் எப்போதும் பூஜ்யமாகவே இருக்க வேண்டும். நைட்ரேட் லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. பி.எச். அளவும் (நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) வெப்பமும் கூடக் கூட அம்மோனியாவின் நச்சுத்தன்மையும் கூடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. காரத்தன்மை மிகுந்த உவர்நீர்த் தொட்டியில், நன்னீரில் தாங்கக்கூடிய அதே அளவு அம்மோனியா பெருங்கேடாகிவிடும். வடிகட்டியின் பஞ்சைக் குழாய் நீரில் அலசினாலும் குளோரின் பட்டு நல்ல பாக்டீரியாக்கள் மடியும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அதை அலச வேண்டும். தண்ணீரை ஓர் இரவு வைத்திருந்தால் குளோரின் போய்விடும். ஆனால் குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின் போகாது, அதற்கு நீர்ச் சீராக்கி என்ற திரவம் தேவை.

மூச்சிரைப்பு, உடல் கறுத்தல், கண்ணாடியோரமாக மேலும் கீழும் ஓயாமல் அலைதல் ஆகிய மூன்றும் அம்மோனியாவாலும் வரலாம், நோயாலும் வரலாம். தொட்டியிலுள்ள எல்லா மீன்களும் ஒரே நாளில் தளர்ந்தால் தண்ணீரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். நன்றாகத் தின்றும் ஒரு மீனின் வயிறு மட்டும் ஒட்டிப்போய், கழிவு வெள்ளை நூல் போல வெளிப்பட்டால், அது குடல் ஒட்டுண்ணியாக இருக்கக்கூடும். இயற்கை நீரில் பிடிக்கப்பட்டு வரும் பேத்தைகளில் இது அதிகம் என்பதால், புதிய மீனைச் சில வாரங்கள் தனித்தொட்டியில் வைத்துக் கவனிப்பது அவசியம். இரையை ஆவலோடு கவ்வி, உடனே துப்பினால் பற்களைப் பார்க்க வேண்டும். நான்கு பல் தகடுகள் இணைந்த அதன் அலகு வாழ்நாள் முழுவதும் வளர்கிறது; ஓடுள்ள நத்தை கிடைக்காவிட்டால் அது தேயாமல் நீண்டு, வாயையே அடைத்துவிடும். எதற்காகவும் மீனை வலையில் நீருக்கு மேலே தூக்கக் கூடாது. அது காற்றை விழுங்கி உடல் உப்பினால் அந்தக் காற்றை வெளியேற்ற முடியாமல் தவிக்கும். பாத்திரத்தில் நீரோடு சேர்த்தே எடுக்க வேண்டும்.

மீன் விற்போர், அது நன்னீர்ப் பேத்தையா உவர்நீர்ப் பேத்தையா என்பதைத் தொட்டியின் மேலேயே எழுதி வைக்க வேண்டுகிறேன். இத்தகைய கட்டுரைகளை இனி வெளியிடும்போது, அம்மோனியா எவ்வளவு, நைட்ரைட் எவ்வளவு, தண்ணீர் கடைசியாக மாற்றியது எப்போது என்ற மூன்று கேள்விகளையும் மருந்தின் பெயருக்கு முன்னால் அச்சிடுமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்