மகள் திறக்கப்போகும் மருந்துக் கடை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் பார்மசி படிப்பை முடித்துவிட்டாள் என்று படித்ததும் மனம் நிறைந்தது. நான் நலம், பிரஷர் மாத்திரை மட்டும் தொடர்கிறது. எல்லாரும் மருந்தை வீட்டுக்கே வரவழைக்கும் காலத்தில் அவள் சொந்தமாகக் கடை வைப்பது சரிதானா என்று கேட்டிருந்தாய்.

சீட்டைப் பார்த்து அட்டையை எடுத்துக் கொடுப்பது மட்டும்தான் வேலை என்றால் உன் பயம் நியாயமே. அதை இயந்திரமே செய்துவிடும். ஆனால் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபாரின் மாத்திரை சாப்பிடுகிறவர் மூட்டுவலிக்கு இப்யூபுரூஃபென் கேட்டு வந்தால், ரத்தக்கசிவு வரலாம் என்று சொல்லித் தடுக்க விவரம் தெரிந்த ஓர் ஆள் வேண்டுமே! வேறு வேறு டாக்டர்கள் எழுதிய சீட்டுகள் ஒன்றுசேரும் இடமும் பல சமயம் மருந்துக் கடைதான். வளர்ந்த நாடுகளிலேயே நாள்பட்ட நோயாளிகளில் பாதிப்பேர்தான் சொன்னபடி மருந்து சாப்பிடுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003இல் எழுதியது. மறதி மட்டுமா காரணம்? பக்கவிளைவுப் பயம், 'இப்போதுதான் நன்றாக இருக்கிறதே' என்ற நினைப்பு, எல்லாம் உண்டு. டாக்டரிடம் சொல்லத் தயங்குவதை, மாதாமாதம் பார்க்கும் பார்மசிஸ்டிடம் சிலர் சொல்லிவிடுவார்கள்.

இங்கிலாந்தில் 2024 ஜனவரி 31 முதல் 'பார்மசி ஃபர்ஸ்ட்' என்ற திட்டம் நடக்கிறது. தொண்டை வலி, சைனஸ், அக்கி, பெண்களின் சாதாரண சிறுநீர்த் தொற்று என்று ஏழு தொல்லைகளுக்கு, டாக்டர் சீட்டு இல்லாமலே, பார்மசிஸ்ட் பரிசோதித்துத் தேவையானால் ஆன்டிபயாடிக்கும் தரலாம். வரம்பும் கறாரானது: சிறுநீர்த் தொற்று என்றால் 16 முதல் 64 வயதுக்குள் இருக்க வேண்டும்; கர்ப்பிணியை டாக்டரிடம்தான் அனுப்ப வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. விதிப்படி நடந்த ஆலோசனைக்கு, மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் கட்டணம் உண்டு.

விஷயமே அங்கேதான் இருக்கிறது என்பேன். விற்றால்தான் வருமானம் என்று இருந்தால், "இந்தச் சளிக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம்" என்று சொல்கிற நல்ல பார்மசிஸ்ட் நஷ்டப்படுவார். அவருடைய கணிப்புக்குக் கூலி தராமல், ஆரம்ப சுகாதாரத்தில் அவருக்கும் பங்கு உண்டு என்று பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

பிரஷர் மாத்திரைக்காரன் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். லாஸ் ஏஞ்சலஸில் பார்மசிஸ்டுகள் முடிதிருத்தகங்களுக்கே போய், டாக்டர்களின் ஒப்புதலோடு கறுப்பின ஆண்களின் பிரஷர் மருந்துகளைச் சீர்செய்தார்கள். ஆறு மாதத்தில் மேல் அளவு சராசரியாக 27 புள்ளி இறங்கியது. முடிதிருத்துபவர் அறிவுரை சொல்லி டாக்டரிடம் போகத் தூண்டிய இடங்களில் இறங்கியது 9 தான். இது 2018இல் வெளிவந்த ஆய்வு.

டாக்டர்களின் கவலையையும் தள்ளிவிட முடியாது. மாதக்கணக்கில் அசிடிட்டி மாத்திரை வாங்குகிறவருக்கு வயிற்றில் புற்றுநோய் இருக்கலாம். அவரை உடனே அனுப்பி வைக்க வழி வேண்டும், நோய்க்குறிப்பு இரண்டு பக்கமும் தெரிய வேண்டும். இது இல்லாமல் அதிகாரத்தை மட்டும் கொடுத்தால் ஆபத்துதான்.

சரி, மகளைத் தைரியமாக இறங்கச் சொல். கடைக்கு இடம் பார்க்கும்போது, அலமாரி இரண்டு குறைந்தாலும் பரவாயில்லை, கதவோடு ஒரு சின்ன அறை இருக்கட்டும். சிறுநீர்த் தொற்றைப் பற்றி வரிசையில் நின்றுகொண்டு யார் பேசுவார்கள்? இடம் முடிவானதும் எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்