எடுக்காத விடுப்பு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. 70 நாள் விடுப்பு எடுக்காமல் சேர்ந்து கிடக்கிறது, பிறகு பணமாக வாங்கிக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறாய். உன் முதுகுவலியைப் பற்றியும் அதே கடிதத்தில்தான் எழுதியிருக்கிறாய். மனம் கேட்கவில்லை, உடனே பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நானும் போன மாதம்வரை அப்படித்தான் இருந்தேன். விடுப்பு எடுத்தாலும் உறவில் ஒரு கல்யாணம், அம்மாவுக்கு ஆஸ்பத்திரி என்று போய்விடும். சுற்றுலா போன வருடம் ஐந்து நாளில் ஒன்பது இடம் பார்த்தோம். ஓய்வெடுத்துவிட்டு வந்தவன் முகமா இது என்று அலுவலகத்தில் கேட்டார்கள்.

இந்த முறை பத்து நாள் வீட்டிலேயே இருந்தேன். முதல் மூன்று நாளும் கை தானாகச் சட்டைப்பையைத் தடவியது. போன் மேசை இழுப்பறைக்குள் கிடக்கிறது என்று தெரிந்தும் தடவியது. நான்காம் நாள் மதியம் அடித்துப் போட்டாற்போல் தூங்கிவிட்டேன். எழுந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "நாளைக்கும் லீவுதானே அப்பா?" என்றாள். ஆமாம் என்றதும் ஓடிப்போய்ச் சதுரங்கப் பலகையை எடுத்து வந்தாள். இருட்டும்வரை ஆடினோம். குதிரையை அவள் அவ்வளவு அழகாக நகர்த்துவாள் என்று அன்றுதான் தெரிந்தது.

இன்னொன்றும் அந்த நாட்களில்தான் கண்ணில் பட்டது. என் மனைவியும் வேலைக்குப் போகிறவள். விடுமுறை நாள் வந்தால் அவளுக்கு வாரம் முழுவதும் சேர்ந்த துணி காத்திருக்கும். நான் வீட்டில் இருந்தால் சமையலும் ஒரு வேளை கூடும். இத்தனை வருடம் இது எனக்கு உறைக்கவே இல்லை. ஐந்தாம் நாளிலிருந்து அடுப்படியை நான் எடுத்துக்கொண்டேன். மாலையில் அவள் ஜன்னலோரம் கால் நீட்டி, ஒன்றும் செய்யாமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட வாயெடுத்தவன் கூப்பிடாமல் திரும்பிவிட்டேன்.

இந்த ஓய்வு யாரும் சும்மா கொடுத்ததில்லை, நண்பா. எட்டு மணி நேர வேலை கேட்டு 1886-இல் சிகாகோவில் போராடியவர்கள் உயிரையே கொடுத்தார்கள். பிரான்ஸில் 1936-இல் தொழிலாளர்கள் ஆலைகளுக்குள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். அதன் பிறகுதான் சம்பளத்தோடு இரண்டு வார விடுப்பு அங்கே சட்டமானது. அந்தக் கோடையில் கடலை முதல்முறையாகப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். 1948-இல் வந்த மனித உரிமைப் பிரகடனத்தின் 24-ஆவது பிரிவே ஓய்வையும் சம்பளத்தோடு கூடிய விடுமுறையையும் உரிமை என்கிறது. இன்றும் தினக்கூலிக்குப் போகிறவர் ஒரு நாள் உட்கார்ந்தால் அன்றைய கூலி இல்லை. அவரை நினைத்தால், கையில் இருப்பதை நாம் தொடாமல் வைத்திருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

நாளைக்கே ஒரு வாரத்துக்கு எழுதிக் கொடு. எங்கும் அலைய வேண்டாம், இங்கே வந்துவிடு. மகளிடம் சொல்லிவிட்டேன், உனக்காகக் காய்களை அடுக்கி வைத்துக் காத்திருக்கிறாள். என்றைக்கு வருகிறாய் என்று எழுது.

அன்புடன்,
உன் நண்பன்